ரெட் நாட் வலசை: டெலவேர் கரையில் நின்றுகொண்டு ஒரு கண்டத்தையே எண்ண முடியுமா?

ஈரமணல் (நியூஜெர்சி)

2021 மே மாதம் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் உள்ள டெலவேர் விரிகுடாவில் ரெட் நாட் என்ற வலசைப் பறவையை எண்ணியவர்களுக்குக் கிடைத்த உச்ச எண்ணிக்கை 6,880. 1980களில் இதே கரைகளில் ஒரே கணக்கெடுப்பில் 90,000க்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அதே 2021இல் பறவைகளின் காலில் மாட்டிய எழுத்துக்குறி உள்ள சின்னக் கொடிகளைப் படித்துப் போட்ட கணக்கு, அந்த வசந்தத்தில் விரிகுடா வழியாகப் போனவை 40,000க்கும் மேல் என்கிறது. ஒரே பறவை, ஒரே கரை, ஒரே மாதம். இரண்டில் எதை நம்புவது?

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: ரெட் நாட் ஓர் உள்ளான் வகை. கொழுப்பு ஏறாத நிலையில் 125 கிராம் சுமாருக்கு இருக்கும். ரூஃபா என்ற இதன் துணையினத்தில் ஒரு பெரும்பகுதி தென்னமெரிக்காவின் அடிமுனையான தியரா டெல் ஃபுவேகோவில் நம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கனடாவின் ஆர்க்டிக்குக்குப் போய் முட்டையிடுகிறது. போக மட்டும் ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். வழியில் மே மாதக் கடைசி இரண்டு வாரம் டெலவேர் விரிகுடாவில் தங்கல்.

என் கட்சி இதுதான்: கண்ணால் எண்ணிய எண்ணையே முதலில் நம்ப வேண்டும். 40,000 என்பது கணிதம், 6,880 என்பது மணலில் நின்ற பறவை.

கோடியக்கரைக்காரன் (நாகை மாவட்டம்)

நல்ல இழை. அடிப்படையில் ஒரு சந்தேகம். எங்கள் கோடியக்கரைக்கு சைபீரியா பக்கத்திலிருந்து கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் வருகின்றன. வந்தால் மாதக்கணக்கில் இங்கேயே கிடக்கும். உப்பளப் பக்கம் போனால் மார்ச் வரைக்கும் பார்க்கலாம். ஆக எண்ணுகிறவனுக்கும் அவகாசம் இருக்கிறது. உங்கள் ஊரில் இரண்டே வாரத் தங்கல் என்கிறீர்கள். அந்த இரண்டு வாரத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? அங்கே கிடைக்காவிட்டால் பக்கத்து மாநிலத்தில் சாப்பிட்டுப் போகாதா?

ஈரமணல்

அண்ணே, அங்கேதான் விஷயமே இருக்கிறது.

தெற்கிலிருந்து இது தாவித் தாவி வருவதில்லை, ஒரே மூச்சில் வருகிறது. ஒளியளவைப் பதிவு செய்யும் ஜியோலொக்கேட்டர் என்ற குட்டிக் கருவியை 2009இல் டெலவேர் விரிகுடாவில் சில பறவைகளின் காலில் கட்டிவிட்டு, பிறகு மறுபடி பிடித்துப் பார்த்தார்கள். அதில் ஒன்று தென்பிரேசில், உருகுவே பக்கமிருந்து வட கரோலினா வரை ஆறு நாளில் 8,000 கிலோமீட்டர் இடைநிற்காமல் பறந்திருந்தது. இப்படிப் பறப்பதற்கு முன்னால் உடம்பு தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறது. இரைப்பை சுருங்கும், குடல் சுருங்கும். பறக்கும்போது வேண்டாத சுமையை எதற்குத் தூக்க வேண்டும்? வந்து இறங்கும்போது வயிற்றுக்குள் சிப்பியை உடைக்கும் பலம் இருக்காது. மற்ற இடங்களில் ரெட் நாட் சிப்பியை முழுசாக விழுங்கி இரைப்பையிலேயே நொறுக்கும். இங்கே வந்ததும் அது ஆகாது, மெத்தென்ற தீனி வேண்டும்.

அந்தத் தீனி குதிரைலாட நண்டின் முட்டை. மே, ஜூன் மாதங்களில் அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தின்போது நண்டுகள் இரவில் கூட்டமாகக் கரையேறும். ஒரு பெண் நண்டு ஒரு குழிக்கு 4,000 முட்டை அளவில் இட்டுவிட்டுப் போகும். மேலே வந்து தோண்டும் அடுத்த நண்டு முந்தையதன் குழியைக் கலைக்கும். அப்படிக் கலைந்து மேலே வந்தது மட்டும்தான் ரெட் நாட்டுக்கு. அதன் அலகு ஆழத் தோண்டாது. காலையில் அலை விட்டுப்போன கோட்டில் குனிந்து பார்த்தால் கடுகளவில் பச்சைப் பச்சையாக மணலோடு கலந்து கிடக்கும். கையில் அள்ளினால் வழுக்கும். பக்கத்திலேயே ஒரு நூறு பறவை தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருக்கும், நம்மைக் கண்டுகொள்ளாது. தையல் மெஷின் ஊசி போல மேலும் கீழும் அப்படியொரு வேகம்.

120 கிராமில் வந்தது 180 கிராமில் கிளம்ப வேண்டும், அதுவும் மே மாதம் முடிவதற்குள். ஆர்க்டிக்கில் இறங்கும்போது பனி முழுக்க உருகியிருக்காது, பூச்சியும் கிடைக்காது. இங்கே ஏற்றிய கொழுப்பை வைத்துத்தான் முதல் சில நாள் உயிர் வாழ வேண்டும், சுருங்கிய உறுப்புகளை மறுபடி வளர்க்க வேண்டும், கூடு வைக்க வேண்டும். அப்புறம் எங்கே பக்கத்து மாநிலத்துக்குப் போவது?

ஆலன் பேக்கர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில் இது எண்ணாகவே இருக்கிறது. 1990களின் நடுவில் வளர்ந்த பறவைகளில் ஆண்டுக்கு 85 சதவீதம் பிழைத்தன. 2000-2001 வாக்கில் அது 56 சதவீதம். எடை ஏறாமல் கிளம்பியவை மறுபடி கண்ணில் படும் வாய்ப்பு குறைந்திருந்தது. அதே சமயம் தியரா டெல் ஃபுவேகோ பக்கம் 2000இல் 51,000 அளவில் எண்ணியது 2002இல் 27,000 ஆகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது? சங்கும் விலாங்கும் பிடிக்க இரையாக, 1990களின் பிற்பகுதியில் அட்லாண்டிக் கரையில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் குதிரைலாட நண்டை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நண்டு முட்டையிடும் வயதுக்கு வரவே ஒன்பது பத்து வருடம் ஆகும். அள்ளுவதை நிறுத்தினாலும் மறுநாளே கரை நிறைந்துவிடாது.

லேப்வாசி (சிங்கப்பூர்)

இரை மட்டுமா? ஊசி மருந்தில் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க இந்த நண்டின் நீல ரத்தம்தான் இத்தனை காலம் பயன்பட்டது. பிடித்து, ரத்தம் எடுத்து, திரும்பக் கடலில் விடுவார்கள். அதில் ஒரு பகுதி செத்துப்போகும்.

இதில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. ரத்தமே இல்லாமல் அதே சோதனையைச் செய்யும் ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி என்ற புரதத்தை உருவாக்கியவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜீக் லிங், ஹோ போ இருவரும். 1990களிலேயே வந்துவிட்ட சரக்கு. அமெரிக்க மருந்துத் தர அமைப்பு இதை ஏற்று ஒரு அத்தியாயம் சேர்த்தது 2024இல். ஆய்வகத்தில் ஒரு முறையை மாற்றுவது எவ்வளவு தலைவலி என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் இந்தத் தாமதம் ரொம்ப அதிகம்.

சதுப்புநிலன் (மேரிலாந்து)

ஈரமணல் சொன்ன உயிரியலில் எனக்கு மறுப்பே இல்லை. "கணிதம், மணலில் நின்ற பறவை" என்று பிரித்தீர்களே, அதில்தான் மறுப்பு.

உச்ச எண்ணிக்கை என்பது என்ன? விமானத்திலிருந்தும் கரையிலிருந்தும் எண்ணுகிறோம். அதில் எந்த நாள் அதிகமோ அந்த நாளின் எண். ஒரு பறவை 14 நாள் தங்குகிறது, இன்னொன்று 8 நாளில் கிளம்பிவிடுகிறது, மூன்றாவது தாமதமாக வருகிறது என்று வையுங்கள். எந்த ஒரு நாளிலும் மூன்றும் ஒன்றாக நிற்காமல் போகலாம். தீனி குறைந்த வருடத்தில் தங்கும் நாள் மாறினாலே உச்சம் சரிந்துவிடும், பறவை செத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

கொடிக் கணக்கு வேறு மாதிரி. கூட்டத்தைத் தொலைநோக்கியால் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவோம். எத்தனை கால் பார்த்தோம், அதில் எத்தனை காலில் கொடி என்று எழுதுவோம். கொடியில் உள்ள எழுத்தையும் எண்ணையும் படிப்போம். அதே குறியை மூன்று நாள் கழித்து வேறொருவர் படித்தால் அது இன்னும் இங்கே இருக்கிறது என்று தெரியும். இதிலிருந்து எவ்வளவு நாள் தங்கின, வந்து போனவை மொத்தம் எத்தனை என்று கணிக்கிறோம். பத்து வருடத்துக்கும் மேலாக அந்த எண் பெரும்பாலும் 40,000க்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நிற்கிறது.

நண்டுப் பிடிப்பின் அளவை முடிவு செய்யும் அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம் 2012 முதல் பறவையையும் நண்டையும் ஒரே கணித மாதிரியில் போட்டுப் பார்க்கிறது. அதில் பறவைக்கு இந்தக் கணிப்பைத்தான் கொடுக்கிறார்கள், உச்சத்தை அல்ல.

ஈரமணல்

அந்தக் கணித மாதிரிதானே 2022 வாக்கில் பெண் நண்டையும் கொஞ்சம் பிடிக்கலாம் என்று கணக்குக் காட்டியது? பொதுமக்கள் சண்டை போட்டதால் ஆணையமே பின்வாங்கி, பெண் நண்டு பூஜ்யம் என்று வைத்தது. உங்கள் 40,000 எவ்வளவு "நிலையாக" இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் யாராவது கூடையை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இன்னொன்று. 2019இல் உச்சம் 30,000. 2020இல் 19,000. 2021இல் 6,880. 2020 மே மாதம் தண்ணீர் குளிர்ந்தே கிடந்தது, நண்டுகள் தாமதமாகத்தான் கரையேறின. பறவைகள் எடை ஏறாமல் வடக்கே போயின. அடுத்த வருடம் எண்ணிக்கை படுத்துவிட்டது. எனக்கு இது காரணமும் விளைவுமாகத்தான் தெரிகிறது.

சதுப்புநிலன்

தெரியலாம். ஆனால் 2022இல் உச்சம் 12,000ஐத் தொட்டது. வருடத்துக்கு ஒரு ஜோடி அதிகபட்சம் நான்கு முட்டை இடுகிற இனம் ஒரே வருடத்தில் இவ்வளவு பெருகாது. அப்படியென்றால் 2021இல் எண்ணப்படாத பறவைகள் எங்கேயோ இருந்திருக்கின்றன, இல்லையா? உச்சம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது பறவைகளின் எண்ணிக்கையைவிட அந்த வருடக் கரையின் நிலையைத்தான் காட்டுகிறது என்கிறேன்.

டொராண்டோ கொக்கு

யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருப்பு கனடாவில். ஒரு பக்கம் மட்டும் நின்று கதைத்தால் விளங்காது என்பதற்காக எழுதுகிறேன்.

தெற்கு முனைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. 1980களில் கனடிய வனவிலங்குச் சேவையின் கை மொரிசனும் கென் ரோசும் சின்ன விமானத்தில் தென்னமெரிக்கக் கரை முழுவதையும் சுற்றி எண்ணினவர்கள். தியரா டெல் ஃபுவேகோ பக்கம் அப்போது 67,000 அளவில். இப்போது அங்கே 10,000 சுமார். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற பறவைகளை எண்ணிய கணக்கு இது, கோடியக்கரை அண்ணா சொன்ன மாதிரியே. ஆகவே சரிவு உண்மை. அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் மாரன்யாவ் என்ற வட பிரேசில் மாநிலத்திலும், ஃபுளோரிடா, ஜோர்ஜியா பக்கத்திலும் குளிர்காலம் கழிக்கிற கூட்டங்கள் வேறு. அவையும் டெலவேருக்கு வருகின்றன. ஆகத் தூரம் போகிறவைதான் நொந்து போயின, கிட்ட நிற்கிறவை அவ்வளவாக இல்லை என்று எடுத்தால், சதுப்புநிலனின் 40,000உம் தெற்கு முனையின் 10,000உம் ஒன்றோடொன்று முட்டாது. இரண்டும் சரி.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதும் லேசு. கொடியின் நிறம் நாட்டைச் சொல்லும்: அர்ஜென்டினா ஒரேஞ்ச், சிலி சிவப்பு, பிரேசில் நீலம், கனடா வெள்ளை, அமெரிக்கா பச்சை. கன பேருக்குத் தெரிந்த பறவை, பி95 என்று எழுதிய ஒரேஞ்ச் கொடி கட்டியதுதான். 1995இல் அர்ஜென்டினாவின் ரியோ கிராண்டேயில் வளையமிட்டபோதே வளர்ந்த பறவை. கடைசியாக 2014 மே மாதம் டெலவேர் விரிகுடாவில் கண்டிருக்கிறார்கள். குறைந்தது 20 வயது. அது பறந்த தூரத்தைக் கூட்டினால் நிலவுக்குப் போய்ப் பாதி வழி திரும்பி வந்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அந்த 56 சதவீத வருடங்களையும் அது தாண்டித்தான் இருந்திருக்கிறது!

சும்மா_படிப்பவன்

இவ்வளவு கஷ்டப்பட்டு எண்ணுவதற்குப் பதில் எல்லாவற்றுக்கும் ஒரு ஜிபிஎஸ் மாட்டிவிட்டால் முடிந்தது வேலை. இல்லையா?

சதுப்புநிலன்

சிரிக்க வைத்துவிட்டீர்கள். 120 கிராம் பறவைக்கு உடல் எடையில் மூன்று சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான வரம்பு. அதாவது மூன்றரை கிராமுக்குள் பேட்டரி, ஆன்டெனா, கட்டும் நாடா எல்லாம் அடங்க வேண்டும். செயற்கைக்கோள் கருவிகள் இப்போது இரண்டு கிராமுக்கும் வந்துவிட்டன, ஆனால் ஒன்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால்தான் மோட்டஸ். குட்டி ரேடியோவைப் பறவை முதுகில் ஒட்டிவிட்டால், வழியில் உள்ள கோபுரங்கள் தாமாகக் கேட்டுப் பதிவு செய்யும். பேர்ட்ஸ் கனடா நடத்தும் வலையமைப்பு இது. அருகில் கோபுரம் இல்லாவிட்டால் பறவை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பெரிய பறவை என்றால் கதையே வேறு. விம்ப்ரல் என்ற வளைந்த மூக்குள்ள கரைப்பறவைக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டி வர்ஜீனியாவில் ஒரு குழு பின்தொடர்ந்தது. 2011இல் மாச்சி, கோஷன் என்று பெயரிட்ட இரண்டும் அட்லாண்டிக்கில் புயல்களைச் சமாளித்து குவாதலூப் தீவில் இறங்கின. இறங்கிய கையோடு வேட்டைக்காரர்கள் சுட்டுவிட்டார்கள். கருவி மட்டும் இல்லையென்றால் "புயலில் போயிருக்கும்" என்று எழுதி மூடியிருப்போம். அது வெளியே வந்த பிறகுதான் பிரெஞ்சுத் தீவுகளில் கெடுபிடி வந்தது. அடுத்த இரண்டு வருடங்களில் ரெட் நாட்டை வேட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள்.

விச்சிட்டா (கான்சஸ்)

எல்லாரும் கடற்கரையிலேயே நிற்கிறீர்கள். கண்டத்தின் நடு வயிற்றில் இருக்கிறவன் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்.

கிரேட் பெண்ட் ஊருக்கு வெளியே சயான் பாட்டம்ஸ் என்ற சதுப்பு. கடல் எந்தத் திசையில் போனாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். சுற்றிலும் கோதுமை வயல். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே போனால் முழங்காலளவு தண்ணீரில் ஹட்சோனியன் காட்விட் என்ற நீண்ட மூக்குக் கரைப்பறவை, வெள்ளைப்பிட்ட உள்ளான், இன்னும் ஒரு டஜன் வகை நிற்கும். அந்த காட்விட் சிலியின் சிலோயே தீவுப் பக்கத்திலிருந்து கிளம்பி, பசிபிக்கையும் மெக்சிகோ வளைகுடாவையும் தாண்டி நேரே வந்து இந்தச் சமவெளியில் இறங்குகிற ஆள். அப்புறம் இங்கிருந்து அலாஸ்கா.

உங்களுக்கு டெலவேர் ஒரு குறுகிய வாசல், அங்கே நின்று எண்ணலாம். இங்கே வாசலே கிடையாது. மழை பெய்த வருடம் ஒவ்வொரு பள்ளமும் தண்ணீர், பறவை எல்லா இடத்திலும் சிதறும். மழை பொய்த்தால் சயான் பாட்டம்ஸே வெடித்துக் கிடக்கும், பறவை தாண்டிப் போய்விடும். ஒரே இடத்தில் வருடா வருடம் எண்ணி வரைபடம் போட்டால் அது பறவைக் கணக்காக இருக்காது, மழைக் கணக்காகத்தான் இருக்கும்.

இழைக்குச் சம்பந்தமான ஒன்று: டெக்சாஸ் கரையில் குளிர்காலம் கழிக்கும் ரெட் நாட்களுக்கு ஜியோலொக்கேட்டர் கட்டியபோது அவை அட்லாண்டிக் பக்கமே போகவில்லை. இந்த நடுவழியாக கனடாவின் சஸ்காச்சுவான் பக்கம் இறங்கி ஆர்க்டிக் போயின. ஆக ஈரமணல் கரையில் எவ்வளவு கண்ணாக நின்றாலும் இவற்றைப் பார்க்கவே மாட்டார். தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில்: முடியாது.

ஈரமணல்

கான்சஸ்காரர் சொன்னதை ஏற்கிறேன், கண்டம் முழுக்க என்பது பெரிய வார்த்தைதான். ஆனால் டெலவேர் வழி போகிற கூட்டத்துக்கு இந்தக் கரையே கழுத்து என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். சதுப்புநிலன், நாம் இருவரும் ஒத்துப்போகிற எண் ஒன்று உண்டு. மே 25 தாண்டி பிடிக்கும் பறவைகளில் எத்தனை 180 கிராமைத் தொட்டிருக்கின்றன? அது உச்சத்தைப் போலத் தங்கும் நாளைப் பொறுத்து ஆடாது, கொடிக் கணக்கைப் போல வருடக்கணக்கில் அசையாமலும் நிற்காது.

சதுப்புநிலன்

அதற்கு நான் தயார். ஆனால் எடை பார்க்கப் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்கு பீரங்கி வலை, அதாவது வெடிவிசையில் கூட்டத்தின் மேல் பாய்ந்து விழும் வலை. அது தொந்தரவு என்று இதே தளத்தில் போன வருடம் சண்டை நடந்தது.

கோடியக்கரைக்காரன்

பிடிப்பது பற்றி இங்கே நாங்கள் கொஞ்சம் பார்த்தவர்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிடுகிறது. பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார் பிடிப்பாளர்கள் தங்கள் பரம்பரைக் கைத்தொழிலை அதற்குத்தான் கொடுத்தார்கள். பறவையின் இறகு கலையாமல் வலையிலிருந்து எடுக்கிற விரல்கள் அவை. அந்த வளையங்கள் இல்லாவிட்டால் எங்கள் உப்பளத்து உள்ளானுக்கும் சைபீரியாவுக்கும் என்ன உறவு என்று நிரூபிக்க வழியே இருந்திருக்காது. பிடிக்கலாமா என்பதல்ல கேள்வி. பிடிக்கிற கை எது, எத்தனை தடவை, எந்த நேரத்தில் என்பதுதான். தீனி எடுக்க வேண்டிய காலை நேரத்தில் கூட்டத்தைக் கிளப்பிவிட்டால் வலை தேவையில்லை, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற மனிதர் போதும்.

சும்மா_படிப்பவன்

வரும் மே மாதம் நியூஜெர்சியில் இருப்பேன். கொடி படிக்க நானும் வரலாமா? கேமரா மட்டும் இருக்கிறது.

ஈரமணல்

வாருங்கள். மே முதல் வாரத்திலிருந்து ஜூன் முதல் வாரம் வரை ரீட்ஸ் பீச், குக்ஸ் பீச் மாதிரியான கரைகளில் மணலில் இறங்க அனுமதி இல்லை. கயிறு கட்டியிருக்கும், ஓரத்து மேடையிலிருந்துதான் பார்க்க வேண்டும். டெலவேர் பக்கம் மிஸ்பிலியன் துறைமுகத்தில் பார்வை மாடம் உண்டு. ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, ஏற்றம் வடியத் தொடங்கும்போது போய்ச் சேருங்கள். அப்போதுதான் புது முட்டை மேலே கிடக்கும்.

கேமராவில் 400 மில்லிமீட்டர் லென்ஸாவது இருந்தால் நல்லது. கொடி முழங்காலுக்கு மேலே இருக்கும், பறவை வயிற்றைத் தாழ்த்தினால் மறைந்துவிடும். அது நடக்கும்போது தொடர்ச்சியாக எடுங்கள். 8க்கும் பி-க்கும், 5க்கும் எஸ்ஸுக்கும் எளிதில் மாறிப்போகும். சந்தேகம் என்றால் ஊகித்து எழுதாதீர்கள், நிறத்தையும் எந்தக் கால் என்பதையும் மட்டும் குறியுங்கள். கொடி இல்லாத கால்களையும் எண்ணுங்கள், இதைத்தான் புதிதாக வருபவர்கள் விட்டுவிடுகிறார்கள். நூறு காலில் எத்தனை கொடி என்று தெரியாவிட்டால் சதுப்புநிலனின் கணக்கு ஓடாது.

சதுப்புநிலன்

ஆக, கணிதம் வேண்டும் என்கிறீர்கள்.

ஈரமணல்

வாயைக் கிளறாதீர்கள். மே 20க்கு மேல் குக்ஸ் பீச்சில் பார்ப்போம், உங்கள் தொலைநோக்கியையும் கொண்டு வாருங்கள்.